ஜெனீவாவுக்குப் போன பூட்டு

என்னால் இந்த உலகத்தில் உருப்படியாக ஒரு நல்லது நடந்ததென்றால், அது நான் கவனமாகச் செய்த எந்த வேலையாலும் நடக்கவில்லை. மகா கவனக்குறைவாகச் செய்த ஒரே ஒரு வேலையால் நடந்தது. இதைப் பொதுவில் ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. (என் அம்மாவுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலமே எங்கள் குரோம்பேட்டைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.)

அப்போது நான் சமூகப்பணி படிப்பை முடித்துவிட்டு, அஸ்தினாபுரத்தில் ஒரு சின்னப் பெண்கள் அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மாடிப் போர்ஷன் ஒன்றுதான் அலுவலகம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மல்லிகா மேடம்தான் தலைவி. ஊழியர்கள் என்று பார்த்தால் நானும், என்னைவிட அதிகமாக லீவு போடும் ஒரு பிரிண்டரும்.

ஆனால் என் நினைப்பு என்னவோ பெரிது. கைத்தறிப் புடவை, தோளில் சணல் பை, முகத்தில் உலகத்துப் பெண்களின் துயரம் மொத்தமும். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட "சர்வதேச உடன்படிக்கைகளின்படி..." என்று ஆரம்பிக்கக்கூடிய ஆள் நான்.

அந்த மாதம் எங்களுக்கு இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று, மேடவாக்கம் போகிற வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் இருந்த பெண்கள் கழிப்பறை. கட்டி, பெயின்ட் அடித்து, பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு வருடமாகப் பூட்டேதான். அங்கே பூ விற்கிற கஸ்தூரி அக்காவும் மற்றப் பெண்களும் கையெழுத்துப் போட்ட மனுவை, பூட்டின் போட்டோவோடு அந்தப் பகுதி அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஜெனீவா! பெண்ணுரிமைக்காக நாடுகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற ஒரு பெரிய சர்வதேச அமைப்பு, நிதி இல்லை என்று தன் கூட்டங்களைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. குறைக்கக் கூடாது என்று பல நாட்டுப் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து கடிதம் அனுப்பின. எந்த மொழியிலும் எழுதலாம் என்றார்கள். நான் தமிழில் எழுதினேன். எழுதினேன் என்பதைவிட முழங்கினேன் என்பதுதான் சரி.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே மாதிரிக் காக்கிக் கவர்களில் போட்டு ஒட்டினேன். ஒட்டும்போது என் கை மட்டும்தான் அஸ்தினாபுரத்தில் இருந்தது. மனசு ஜெனீவாவில் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறிக்கொண்டிருந்தது. ஒரு கவரைக் கூரியரில் போட்டேன். மறுநாள் காலை இன்னொரு கவரோடும் கஸ்தூரி அக்கா உட்பட எட்டுப் பெண்களோடும் அதிகாரி முன்னால் போய் நின்றேன்.

அந்த அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர்தான். கவரைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தார்.

"'மாண்புமிகு உறுப்பினர்களே! உலகின் சரிபாதியான பெண்களின் சார்பில் உங்கள் கதவைத் தட்டுகிறோம்.'" நிமிர்ந்து பார்த்தார். "தட்டுங்க, பரவாயில்ல."

நான் அவர் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்.

"'உங்கள் கூட்டங்களின் எண்ணிக்கையை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.' ஏம்மா, வாரத்துல ஏழு மீட்டிங் நடக்குது இங்க. குறைங்கன்னு நாங்களே அழுதுகிட்டிருக்கோம்."

பின்னால் நின்ற கிளார்க் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"'எல்லா நாட்டு அரசுகளையும் உங்கள் முன் வரவழைத்துக் கேள்வி கேளுங்கள். உலகமே உங்களைத்தான் நம்பியிருக்கிறது.'" அதிகாரியின் முகத்தில் முதல் முறையாகக் கலவரம் தெரிந்தது. "நானாம்மா?"

இந்தக் கடிதம் இங்கே இருக்கிறதென்றால் கழிப்பறை மனு எங்கே என்று கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. கஸ்தூரி அக்கா என் முழங்கையை இடித்தார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி வெளுத்துப் பூடுச்சு?"

"அக்கா... நம்ம மனு ஜெனீவா போயிடுச்சு."

"அது எங்க கீது? செங்கல்பட்டு தாண்டியா?"

"வெளிநாடுக்கா. சுவிட்சர்லாந்து."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "எந்த மனு வெளிநாடு போயிருக்கு?"

"பஸ் ஸ்டாப் பாத்ரூம் பூட்டிக் கிடக்குதுன்னு எழுதின மனு சார்."

"போட்டோவெல்லாம் இருக்கா?"

"பூட்டை க்ளோஸப்ல எடுத்தது சார்."

அவர் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். நான் அழுவதற்கு வசதியான ஒரு மூலையைத் தேடிக்கொண்டிருந்தேன். (இருந்த ஒரே மூலையில் பீரோ நின்றது.) அப்போதுதான் கஸ்தூரி அக்கா முன்னால் வந்து, மேஜைமேல் கிடந்த என் கடிதத்தில் விரலை வைத்தார்.

"சார், இது ஒலகத்துப் பொம்பளைங்க அல்லாருக்கும் எழுதுனதுதானே? எங்க பஸ் ஸ்டாப்பு ஒலகத்துல வராதா? காலைல எட்டு மணிக்கு வந்து குந்திக்கினேன்னா பொழுது சாயற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி வாயில வைக்க மாட்டேன். பூ மேல மட்டும் தெளிச்சிக்கினு இருப்பேன். ஏன் குடிக்கிறதில்லன்னு கேளு சார். அந்தப் பூட்டால."

கிளார்க்கின் இருமல் நின்றுவிட்டது. அதிகாரி கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்தப் பூட்டு விஷயத்தை எங்கிட்ட யாருமே சொல்லலியேம்மா" என்றார். உடனே போனை எடுத்தார். சாவி யாரிடம் இருக்கிறது என்று நாலு பேரைக் கேட்டார். நாலு பேரும் ஐந்தாவது ஆளைச் சொன்னார்கள். "சரி, உடைச்சிடுங்க" என்றார்.

அன்று மத்தியானமே ஒருவர் சுத்தியலோடு வந்தார். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்து விழுந்தபோது பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கை தட்டினார்கள். குழாயில் தண்ணீர் வர இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது. கஸ்தூரி அக்காதான் முதலில் உள்ளே போனார். வெளியே வந்து, பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, நடு ரோட்டில் நின்று ஒரே மூச்சில் குடித்து முடித்தார். உலகத் துயரத்தை முகத்தில் சுமந்து திரிந்த நான், அவர் தண்ணீர் குடிக்காமல் இருந்ததை மனு எழுதும்போதுகூடக் கவனிக்கவே இல்லை.

மல்லிகா மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். வேலை போய்விடும் என்று சணல் பையைக்கூடக் காலி செய்து வைத்திருந்தேன். மேடம் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார். "ஜெனீவாக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதிடு. அட்ரஸை மட்டும் நான் எழுதறேன்" என்றார்.

நான் எழுதுவதற்குள் அங்கிருந்தே மெயில் வந்துவிட்டது. கடிதங்களைத் திரட்டிய மரியா என்ற பெண் எழுதியிருந்தார். கவரில் வந்ததைத் தங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். அந்தப் பெண் முதலில் சிரித்தாராம், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். வந்த மற்றக் கடிதங்களெல்லாம் ஒரே மாதிரி முழங்கின, உங்களுடையதில்தான் ஒரு பூட்டு இருந்தது என்று எழுதியிருந்தார். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் கூட்டம் நடந்த மண்டப வாசலில் வைத்தார்களாம். அதன் முன் நின்று பல நாட்டுப் பெண்கள் அவரவர் ஊர்ப் பூட்டுகளைப் பற்றிப் பேசினார்களாம். அந்த வருடம் கூட்டங்கள் குறையவில்லை. (பூட்டால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மல்லிகா மேடம் சொல்லுவார்.) கடைசி வரியில், என் முழக்கக் கடிதத்தையும் முடிந்தால் அனுப்பச் சொல்லியிருந்தார். அது அதிகாரியின் ஃபைலில் பத்திரமாக இருந்தது.

இதெல்லாம் நடந்ததில் அந்தக் கழிப்பறைக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. "கடைய பாத்துக்கோ, ஜெனீவா போயிட்டு ஓடியாந்துடறேன்" என்று கஸ்தூரி அக்கா பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டுப் போவார். பஸ் நிறுத்தம் முழுக்க அந்தப் பேச்சு பரவியது. என் அம்மா வாய் வழியாக எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது கார் கதவைச் சாத்துவதற்கு முன் அப்பா, "எல்லாரும் ஜெனீவா போயாச்சா?" என்று கேட்பார்.

போன வருடம் அதே சர்வதேச அமைப்பின் கூட்டத்தில் பேச, சாட்சாத் என்னையே கூப்பிட்டு அழைப்பு வந்தது. உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா! நான் ஜெனீவா போகப்போறேன்!"

"சரி, போயிட்டு வா" என்றார் அம்மா. "இதையெல்லாமா போன் பண்ணிச் சொல்லுவாங்க?"