சண்டை பிடிக்காத நால்வர்

கப்பல்துறை,
வியாழன் பின்னேரம்.

அன்பும் மதிப்பும் உள்ள பிரகலாதன் அத்தானுக்கு,

மூதூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதிவிட்டு வெட்டியிருக்கிறேன். போனில் சொன்னால் அக்கா பக்கத்தில் நின்று கேட்பாள் என்பதால் இதைப் பஸ் சாரதியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் கல்வி முதுமாணிப் பட்ட ஆய்வு உங்களுக்குத் தெரியும்: மாணவர் குழு எப்படி வளர்கிறது, அதனால் படிப்பில் ஊக்கம் எப்படிக் கூடுகிறது என்பது. புத்தகத்தின்படி ஒரு குழு முதலில் கூடும், பிறகு சண்டை பிடிக்கும், பிறகு இணங்கும், கடைசியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். நான் படிப்பிக்கும் பத்தாம் தரத்தில் அம்ரா, கௌசிகா, மதுசன், ஸுஹைர் என்ற நால்வரைச் சேர்த்து, துறைமுகத்தை அட்டையில் செய்யச் சொன்னேன். கூடினார்கள். ஆறு கிழமையாகியும் சண்டை இல்லை, ஊக்கமும் இல்லை, கொட்டாவி விட்டபடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வு மேற்பார்வையாளரோ, "இரண்டாம் கட்டம் இல்லாத ஆய்வை நான் எப்பிடி ஏற்கிறது, தனஞ்சயன்? திங்கட்கிழமை வந்து பாக்கிறன்" என்றுவிட்டார். எப்படியாவது சண்டை மூட்டிவிட நினைத்தேன். நான்கு கத்தரிக்கோலில் மூன்றை ஒளித்தேன், மாறி மாறி வெட்டினார்கள். பிறகுதான் அந்தப் பிழையைச் செய்தேன். கௌசிகா உன் கப்பலை வாத்து என்கிறாள் என்று அம்ராவிடமும், அம்ரா உன் வெளிச்சவீட்டைப் பார்த்துச் சிரித்தாள் என்று கௌசிகாவிடமும் சொன்னேன். இடைவேளை முடிவதற்குள் நால்வரும் இருந்து கதைத்து, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"சேர், நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?" என்று அம்ரா கேட்டாள்.

வகுப்புக்குப் போங்கள் என்றேன். இன்று காலை என்மேல் முறைப்பாடு எழுதிப் பாடசாலை அதிபரிடம் கொடுத்துவிட்டார்கள். நாளை எட்டு மணிக்கு விசாரணை. பட்டம் போகும், இடமாற்றமும் வரலாம். அதிபர் உங்களோடு ஒன்றாகப் படித்தவர். முதல் பஸ்ஸில் வந்து, தனஞ்சயன் அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லை என்று ஒரு சொல் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அக்காவுக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
நித்திரையும் பசியும் கெட்ட மைத்துனன்,
தனஞ்சயன்.

பி.கு.: இதை எழுதி முடித்த கையோடு அதிபர் முறைப்பாட்டின் பிரதியை அனுப்பி, எழுத்தில் விளக்கம் கேட்டார். வாசித்தேன். ஆளுக்கொரு பந்தியாக நால்வரும் எழுதியிருக்கிறார்கள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை, பொய்யும் ஒன்றுமில்லை. மறுத்து எழுத ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன், ஏலவில்லை. நான்கு கையொப்பங்களுக்குக் கீழே ஐந்தாவதாக என்னுடையதை வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்கள் வரவேண்டாம்.