தோட்டத்துக்கு எட்டாத வால்ட்ஸ்

"சத்தமே வரலையேடா!" என்று தோட்டத்திலிருந்து கத்தினார் ஆர்விட்.

கூடத்தில் டிஜிட்டல் பியானோ. வெளியே புல்வெளியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். இடையே ஜன்னல் வழியாக ஒரு வயர். இன்னும் சற்று நேரத்தில் டுலூத் நகரத்து சர்ச் நண்பர்கள் எல்லாம் வீட்டில் அடுப்பில் சுட்ட கேசரோல் பதார்த்தத்தோடு ஆளுக்கொரு தட்டாக வந்துவிடுவார்கள். முப்பதாவது கல்யாண நாள். கல்யாணத்தன்று ஆடமாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர், மனைவி கெர்டாவுக்காக வால்ட்ஸ் என்ற ஜோடி நடன இசை ஒன்றை வாசிக்கப் போகிறார். பனிக்காலம் முழுவதும் அவளுக்குத் தெரியாமல், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகியது. இப்போது அவளை முடிதிருத்தும் கடைக்கு அனுப்பியாயிற்று.

கூடத்தில் கட்டைகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் ரோல்ஃப், பியானோவின் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அத்தான், இது மிடி வயர். இதுல சத்தம் போகாது. எந்தக் கட்டையை அமுக்கினீங்கங்கற சேதி மட்டும்தான் போகும்."

"சேதியை வச்சுக்கிட்டு யாருடா ஆடுவா?"

"லேப்டாப்புல மாட்டினா அது சத்தமாக்கிக் குடுக்கும்."

மாட்டினான். லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு வேறு வயர் இழுத்தான். ஆர்விட் உள்ளே வந்து ஆசையாக முதல் வரியை வாசித்தார். தோட்டத்தில் டிரம்ஸ் முழங்கியது. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

"என் வால்ட்ஸை வச்சு ராணுவ அணிவகுப்பு நடத்துறியா?"

"இருங்க, பியானோன்னு மாத்திட்டேன்."

இப்போது ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை கேட்டது. உள்ளே ஒன்று, வெளியே, தாமதமாக வந்த விருந்தாளி போல இன்னொன்று. அதைக் கேட்டுக்கொண்டே வாசித்ததில் விரல்கள் பின்னிக்கொண்டன.

"எல்லா வயரையும் பிடுங்கு!"

"சரி, வயரே வேண்டாம். ப்ளூடூத்." ரோல்ஃப் குனிந்து பார்த்தான். "அட, ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கரோட இணைஞ்சுதான் இருக்கு அத்தான்!"

"அப்புறம் ஏன்டா தோட்டம் ஊமையா இருக்கு?"

மறுபடி வாசித்தார். ஊமைதான். ஆத்திரத்தில் இரண்டு கைகளாலும் கட்டைகளை ஓங்கி அடித்தார், ஒருமுறை முழங்கையாலும்.

"போதும். நான் வாசிக்கலை. கேக்கை வெட்டித் தின்னுட்டுப் போகட்டும் எல்லாரும்."

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மார்லிஸ், சங்கடமாகச் சிரித்தபடி நின்றாள்.

"தப்பா நினைக்காதீங்க ஆர்விட். சொன்னா கூச்சப்படுவீங்கன்னுதான் இத்தனை மாசம் வாயைத் திறக்கலை. நீங்க வாசிக்கிறது எங்க சமையலறை ஸ்பீக்கர்லதான் வருது. கெர்டா முடி வெட்டப் போகாம, எப்பவும் போல அங்கதான் கைக்குட்டையோட உக்காந்திருக்கா. இன்னிக்கு ஏன் அந்த அழுகை வர்ற இடத்தை மட்டும் முழங்கையால வாசிச்சீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."