மூச்சு விட்ட கூரை

"புதிய கட்டுமானப் பொருள் எதுவானாலும், மேலிடத்தின் ஒப்புதல் எழுத்தில் கிடைத்த பிறகே பயன்படுத்தப்பட வேண்டும். ஒப்புதல் வரும்வரை பழைய முறையே தொடரும்." எங்கள் துறையின் கட்டட விதிகளில் இப்படி ஓர் இடம் உண்டு. பணிக்காலம் முழுவதும் எத்தனையோ இளைஞர்களுக்கு இதை ஒப்பித்துக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறேன். நானே இதை மீறியது ஒரே ஒரு முறைதான். அந்த முறை ஒரு கட்டடம் மூச்சு விட ஆரம்பித்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் உதவிப் பொறியாளர், தகுதிகாண் பருவத்தில். (அதாவது வேலை இருக்கிறது, ஆனால் பெண் வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.) சங்ககிரியில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஜவ்வரிசிக் கிடங்கு இருந்தது. நீளமாக, அகலம் குறைவாக, தட்டையான கான்கிரீட் கூரையோடு. மழை பெய்தால் ஒழுகும். ஜவ்வரிசி மூட்டை நனைந்தால் கிடங்கு முழுக்கக் கஞ்சி. "ஐப்பசி மழைக்குள் கூரையைச் சரி செய். உன் வேலையை நிரந்தரம் செய்ய நான் எழுதுகிறேன்" என்றார் செயற்பொறியாளர். சரி செய்யாவிட்டால் என்ன எழுதுவார் என்று சொல்லவில்லை.

பழைய முறை என்றால் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து, மேலே தட்டோடு என்ற தட்டை ஓடுகளைப் பதிப்பது. அந்தக் கூரை ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. அவ்வளவு பாரம் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். தார்த்தாள் ஒட்டினால் சேலத்து வெயிலில் இளகி வழியும். இந்த நேரத்தில் பம்பாயிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். சாம்பல் நிறத்தில் கைக்குட்டை அளவு பி.வி.சி. விரிப்பு ஒன்றை எடுத்து, பை போலக் குவித்து, அதில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி என் தலைக்கு மேல் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. என் தொழில்நுட்ப ஆய்வு அத்துடன் நிறைவுற்றது.

ஒப்புதல் கேட்டு முறைப்படி எழுதினேன். பதில் வரவில்லை. விரிப்புச் சுருள்கள் வந்துவிட்டன. ஆடியும் வந்துகொண்டிருந்தது.

ஆடியில் அங்கே யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள். தொடங்கிய வேலையைத் தொடரலாம். எனவே ஆனி கடைசி நாளன்று, நல்ல நேரம் பார்த்து வேலையைத் தொடங்கிவிட்டேன். அந்த வட்டாரத்தில் யாரும் இந்த விரிப்பைக் கண்ணால் கண்டதில்லை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கட்டும் நல்லமுத்துவையும் அவர் ஆட்களையும் பிடித்தேன். அவர் விரிப்பைத் தட்டிப் பார்த்தார்.

"தார்ப்பாய்தானுங்க சார். லோடுதான் பெருசு."

விரிப்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, சூடான காற்றடிக்கும் துப்பாக்கியால் ஓரங்களை இளக்கி ஒட்ட வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளிலெல்லாம் மோட்டார் ஓடும் நேரம். மின்சாரம் நலிந்து, துப்பாக்கியிலிருந்து வந்தது காய்ச்சல்காரனின் மூச்சளவு சூடுதான். ஒட்டிய இடங்களை விதிப்படி இழுத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன், இழுக்காமல்.

மிச்சமிருந்தது, விரிப்பின் விளிம்பைக் கைப்பிடிச் சுவரோடு அலுமினியப் பட்டை வைத்துத் திருகாணியால் முடுக்குவது. பட்டைகள் ஆடி பிறந்த பிறகே வந்து சேர்ந்தன. நல்லமுத்து தலையை ஆட்டினார்.

"விரிக்கறது ஆனியில ஆரம்பிச்ச வேலைங்க. செவுத்துல ஓட்டை போடறது வேற வேலை. அது ஆடியில ஆகாதுங்க."

விதியைப் பிரித்துப் பொருள் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். விரிப்பின் மேல் மணல் மூட்டைகளையும் பழைய லாரி டயர்களையும் அடுக்கிவிட்டு, ஆவணிக்குக் காத்திருந்தோம்.

ஆடிக் காற்று தொடங்கியது. முதலில் வந்து சொன்னவர் கிடங்குக் காவலாளி பழனியப்பன்.

"சார், மேல யாரோ படுத்திருக்காங்க."

"யார்?"

"தெரியலீங்க. மூச்சு வுடறது கேக்குது."

கிடங்குக்குள் போய் நின்றேன். உச்சி வெயில் நேரம். வெளியே லாரிகளின் இரைச்சல். உள்ளே ஜவ்வரிசி மூட்டைகளின் புளித்த வாடை. தலைக்கு மேல் ஏதோ நீளமாக மூச்சை இழுத்தது. நின்றது. பிறகு மெல்ல விட்டது. சுவரோரத்து மழைநீர்க் குழாய் அந்த மூச்சின் முடிவில் லேசாக முனகியது. ஒட்டாத இடங்கள் வழியாகக் காற்று உள்ளே போய் வருகிறது என்று விளக்கினேன். பழனியப்பன் பணிவாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் குழாயடியில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அதற்கடுத்த நாள் மூட்டை தூக்குகிறவர்கள் உள்ளே வர மறுத்தார்கள்.

செயற்பொறியாளர் ஆய்வுக்கு வரும் நாளும் வந்தது. அவர் வருவதற்குள் பயத்தைத் தீர்த்துவிடலாம் என்று, எல்லோரும் பார்க்க, ஏணி வைத்து நான் மட்டும் கூரைக்கு ஏறினேன். (என் அறிவியல் மனப்பான்மை அன்று உச்சத்தில் இருந்தது.)

மேலே காற்றே இல்லை. சாம்பல் விரிப்பு சங்ககிரிக் கோட்டைமலை வரைக்கும் நீண்டு கிடப்பது போலத் தோன்றியது. நடுவில் நின்றேன். அப்போது எதிர் மூலையில் விரிப்புக்கு அடியில் ஒரு மேடு எழுந்தது. ஓர் ஆள் குப்புறப் படுத்திருக்கும் அளவு. அது மெதுவாக என்னை நோக்கி வந்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தேன், அதுவும் திரும்பியது. நான் நின்றேன், அதுவும் நின்றது. காலால் அழுத்தினேன். தணிந்து, என் முதுகுக்குப் பின்னால் எழுந்தது.

பிறகுதான் உண்மையான காற்று வந்தது. டயர்கள் உருண்டன. விளிம்பு சுவரைவிட உயரமாகக் கிளம்பி என்மேல் கவிழ்ந்து, என்னைச் சுவரோரம் வரை தள்ளிச் சாய்த்தது. நான் எழுந்து கைகளை வீசினேன். கீழே நின்றவர்களுக்கு, கைப்பிடிச் சுவரோரம் முகமில்லாத ஒரு சாம்பல் உருவம் எழுந்து அவர்களைக் கூப்பிடுவது தெரிந்திருக்கிறது. பழனியப்பன் ஓடவில்லை, பொறுப்பானவர். அது இறங்கி வந்துவிடாமலிருக்க ஏணியை எடுத்துவிட்டார்.

தடுக்கி விழுந்தேன். தலை மழைநீர்க் குழாயின் வாயருகே. கீழிருந்து பழனியப்பனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாருங்க சாமி?"

"நான்தான்யா. ஏணியை வை."

அவர் யாரிடமோ தணிந்த குரலில்: "ஏணி கேக்குதுங்க. எறங்கோணுமாம்."

"குடுத்துறாத" என்றது நல்லமுத்துவின் குரல். "கவுறு போட்டு இறுக்கீரலாம். எத்தனை லோடு கட்டியிருக்கறோம்."

கல் கட்டிய கயிறுகள் கூரைக்கு மேலாகப் பறந்து மறுபக்கம் விழுந்தன. இரண்டு பக்கமும் நின்ற லாரிகளில் முடிந்து, ஓங்கிய குரலெடுத்து இழுத்தார்கள். ஒழுகாத பி.வி.சி. கூரைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில், சரக்காக நான்.

கத்தினேன். இழுத்த இழுப்பில் தலை குழாயை விட்டு விலகிவிட்டது, திரும்ப நகர்த்த முடியவில்லை. சூடு. பிளாஸ்டிக் வாடை. விரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு என் மூச்சோடு ஏறி இறங்கியது. காற்று நின்றுவிட்டது. அந்த அமைதியில்தான் பக்கத்தில் இன்னொரு மூச்சைக் கேட்டேன். என் மூச்சின் எதிரொலி என்று தீர்மானித்து, அதை நிரூபிக்க என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அது பிடித்துக்கொள்ளவில்லை.

ஜீப் சத்தம் கேட்டது. "உங்க இஞ்சினீர் எங்கய்யா?" என்றார் செயற்பொறியாளர்.

"மேல போனாருங்க. சாமி புடிச்சுக்கிச்சு."

அவர் குழாயருகே வந்து யாரென்று அதட்டினார். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரு சாண் நகர்ந்து, பெயரையும் பதவியையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒப்புதல் கேட்டு எழுதிய கடிதத்தின் கோப்பு எண்ணைச் சொன்னேன். "அவிழுங்க" என்றார் உடனே. பேய்களுக்குக் கோப்பு எண் தெரியாது என்பது அவர் அனுபவம்.

வியர்வையில் நனைந்து இறங்கிய என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒப்புதல் வந்ததா?"

"பதில் எதிர்பார்க்கப்படுகிறது, சார்."

ஜீப்பில் உட்கார்ந்தபடியே எழுதினார்: பதில் கிடைக்கும்வரை தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்படுகிறது.

பழனியப்பன் டீ வாங்கிக் கொடுத்தார். "மன்னிச்சுக்கோணும் சார். நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா ஏணிய எடுத்திருக்க மாட்டேன். ஆனா நல்ல வார்த்தை சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"கவுறு கட்டுனதுக்கப்புறம், எப்பங்க சாமி போவீங்கன்னு கேட்டேன். பதில் வந்ததும் போறேன்னீங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை. கயிறு கட்டிய பிறகு, ஜீப் வரும்வரை என் தலை குழாய்ப் பக்கமே போகவில்லை. ஆனாலும் அன்று வாதாடவில்லை. அரசுப் பணியில் இருந்த எவனும் அரை மயக்கத்தில் சொல்லக்கூடிய வாக்கியம்தான் அது.

விரிப்பைச் சுருட்டிவிட்டு, பாரத்தைத் தாங்கும்படி உத்தரங்களைப் பலப்படுத்தி, பழைய முறையில் தட்டோடு பதித்தோம். கூரை ஒழுகவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஆனியிலும் ஆடியிலும் உச்சி நேரத்தில் அது மூச்சு விட்டது. குழாய்க்குள் சாக்கைத் திணித்துப் பார்த்தேன். சாக்கு வழியாகவும் விட்டது. இதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. என் மாமனார் வீட்டில் எனக்குத் தகுதிகாண் மாப்பிள்ளை என்று பெயர். எந்த விருந்திலிருந்து கிளம்பத் தாமதித்தாலும் என் மைத்துனன், "மாமா பதில் வந்ததும் போவாருங்க" என்பான். இன்றும் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, ஓர் ஆடியில், நாமக்கல் பேருந்து நிலையத்தில் பழனியப்பனைப் பார்த்தேன். நான் அங்கே மாற்றலாகியிருந்தேன்.

"சார், இந்த ஆடிக்குச் சத்தமே இல்லீங்க. ஆனி கடைசியோட நின்னு போச்சு."

"காற்று குறைவாக இருக்கும்" என்றேன்.

"காத்தெல்லாம் நல்லாத்தானுங்க அடிக்குது."

அலுவலகம் போனேன். மேசைமேல், ஊர் ஊராகச் சுற்றி என்னைத் தேடி வந்த ஓர் உறை. சாம்பல் விரிப்புக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது. ஆடிக் காற்றுக்கு முன் வேலையை முடிக்கவும். அப்படியாக, இல்லாத ஒரு கூரைக்காக என் வேலை நிரந்தரமானது. முதலில் அது போய்ச் சேர்ந்த சங்ககிரி அலுவலகத்தின் முத்திரையில் ஆங்கிலத் தேதி இருந்தது. சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை முந்தைய மாதத்துக்குப் புரட்டி, அந்தத் தேதிக்கு நேரே இருந்த தமிழ்த் தேதியைப் பார்த்தேன்.

ஆனி மாதம், கடைசி நாள்.