கோழிக்குப் பத்தியம் வைத்த கிராணி

மலாயாவில் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்கள் அத்தனையிலும், எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியைப் போல் கொழுப்புக்காக அலைந்த மனிதர் இன்னொருவர் இருந்திருக்க மாட்டார். ஆள் வெற்றிலைக் காம்பு மாதிரி இருப்பார். யாழ்ப்பாணத்துச் சுத்த சைவம். முட்டை இருக்கும் அறையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆனாலும் தோட்டம் முழுக்க அவருக்குப் பெயர் 'கொழுப்புக் கிராணி'.

கம்யூனிஸ்டுக் கலகத்தை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர்கள். பொழுது போகாத மனிதர் வீட்டுக்குப் பின்னால் நாற்பது கோழி வளர்த்தார். தீனியில் மிருகக் கொழுப்பைக் கலந்தால் கோழி சதை போடும் என்று எதிலோ படித்துத் தொலைத்தார்.

எந்தக் கொழுப்பு? மாட்டுக் கொழுப்பு என்றால் தொழிலாளர் லயத்தில் கோழி வாங்க ஆளிருக்காது. பன்றிக் கொழுப்பு என்றால் காவலர்கள் தொடமாட்டார்கள். கடைசியில் ஆட்டுக் கொழுப்பு என்று முடிவானது. இரண்டாம் கிராணியான நான்தான் துணை. சிரம்பான் பசாரில், பாய் கசாப்புக்கடை முன் அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

"பாய், முறைப்படி அறுத்த ஆடுதானே?"

"சாப்பிடப் போறது நீங்களாய்யா?"

"இல்லை, கோழி."

கடையே சிரிக்கும்.

திரும்பும்போது கேட்டில் சோதனை. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கடத்துகிறாரோ என்று சந்தேகம். 'கோழிக்குத்தான்' என்று ஓட்டை மலாயில் கிராணி சத்தியம் செய்தார். கார்ப்பரல் நம்பவில்லை, வீடுவரை வந்து, கோழிகள் தின்பதைக் கண்ணால் பார்த்தார். பார்த்தவர், நோன்புப் பெருநாளுக்கு இருபது கோழி வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் காவலர்களுக்கு லீவு கிடையாது. மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து குடும்பங்கள் இங்கேயே வருவதாக ஏற்பாடு.

பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் கிராணிக்குக் காய்ச்சல். கொழுப்பு வாங்கிவர லாரி டிரைவர் முனியாண்டியை அனுப்பினார். டின்னில் பாதி தீர்ந்த பிறகுதான் எழுந்து வந்து மோந்து பார்த்தார்.

"எந்தக் கடையிலை வாங்கினனீர்?"

"பாய் கடை பூட்டிக் கெடந்துச்சுங்கய்யா. பன்னிக்கறிக் கடையில வாங்கிட்டேன்."

கிராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க லா. கோழியா வாயத் தொறந்து சொல்லப் போவுது?" என்றான் முனியாண்டி.

"கோழி சொல்லாது. நான் சொல்லுவன்."

நான் தடுத்தும் கேட்காமல், காய்ச்சலோடு கேட்டுக்கு நடந்தார். விஷயத்தைக் கேட்ட கார்ப்பரல் முகம் இறுகிவிட்டது. எனக்கோ அவர் தோளில் தொங்கிய துப்பாக்கி மட்டும்தான் தெரிந்தது.

"நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காதே. ஏன் சொன்னாய்?" என்று மலாயில் கேட்டார்.

கிராணி தட்டுத்தடுமாறிச் சொன்ன பதில் இதுதான்: "நான் இறைச்சி தின்னாதவன். வெளியே சாப்பிட்டால், கலந்திருக்கிறதா இல்லையா என்று எனக்கும் தெரியாது. சமைத்தவன் சொல்லை நம்பித்தான் சாப்பிடுகிறேன்."

கார்ப்பரல் மறுநாள் கம்பத்துப் பள்ளிவாசல் லெபாய் பெரியவரிடம் கேட்டு வந்தார். கோழிகளைக் கூண்டில் அடைத்து, மூன்று நாள் சுத்தமான தீனி போட்டால் போதுமாம்.

"மூண்டு நாள் காணாது" என்று கிராணி பத்து நாள் பத்தியம் வைத்தார். லீவு போட்டுவிட்டுக் கூண்டெதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். துரை பங்களாவுக்குக்கூட அவ்வளவு காவல் கிடையாது. புழுவைக் கொத்தப் போன சேவல் ஒன்றை, "டேய், துப்படா!" என்று அவர் அதட்டியதை நானே கேட்டேன்.

பெருநாளன்று கேட்டருகே பாய் விரித்து விருந்து. கார்ப்பரல் கிராணியைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து வாழையிலை போட்டார். கார்ப்பரல் மனைவி புதுச் சட்டி வாங்கித் தனியாக ஆக்கிய சோறும் கீரையும் வந்தன. கிராணி ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டார். எதிர்ப் பாயில் நான், கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.