சிரிக்கக் கூடாத படம்

என் வாழ்க்கையிலேயே நான் சொந்தமாக எடுத்த பெரிய முடிவு இதுதான்: மகள் படிக்க வெளிநாடு போகக் கூடாது. முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி மாற்றிவிடுவாள்.

மகளுக்கு மண் ஆராய்ச்சி படிக்க வேண்டுமாம்.

"ஏம்மா, இங்க மண் இல்லையா? உங்கம்மா தினம் முறம் முறமா அள்ளிக் கொட்டுறாளே!"

"அங்கதான்ப்பா நல்ல லேப் இருக்கு."

மூன்று பல்கலைக்கழகங்களை அலசி, இருப்பதிலேயே தூரமானதைப் பிடித்தாள். விமானத்தில் பதினாறு மணி நேரம். அவள் தெருமுனைக் கடைக்குப் போனாலே வாசலில் வந்து நிற்கிற ஆள் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

விண்ணப்பத்தில் எல்லாம் முடிந்து போட்டோ மட்டும் பாக்கி. வெள்ளைப் பின்னணி, மூடிய வாய். சிரிக்கவே கூடாது. பல் தெரிந்தால் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிவிடுமாம். கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"நீங்கதானே எடுக்கணும்" என்றாள் மனைவி.

அடித்தது யோகம்! நான் இருபத்தாறு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் எல்லாம் விசாப் படத்துக்கு என் ஸ்டூலில் உம்மென்று உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள்தான். யார் யார் பிள்ளையையோ அனுப்பினேன். என் பிள்ளையை மட்டும் அனுப்ப மாட்டேன்.

முதல் நாள் கிளிக் செய்கிற நேரம் பார்த்து, அவளுடைய பழைய தலைமையாசிரியர் மாதிரி ஒரு தும்மல் போட்டேன். சிரித்துவிட்டாள்.

"அடடா, பல் தெரியுதும்மா. நாளைக்குப் பார்க்கலாம்."

இரண்டாம் நாள், வாடிக்கையாளர்கள் படத்துக்குப் போட்டுக்கொள்ள வைத்திருக்கும் கோட்டை மாட்டிக்கொண்டு நடை போட்டேன். அதன் கை என் முழங்கால் வரை தொங்கியது. மூன்றாம் நாள் ஸ்டூடியோ விளக்கில் மாட்டும் வெள்ளைக் குடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். நான்காம் நாள் அவள் அம்மா என்னைத் திட்டுவதை நடித்துக் காட்டினேன். ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தாள்.

அதிசயம், மனைவி கோபித்துக்கொள்ளவே இல்லை. "சரியா வர்ற வரைக்கும் எடுங்க" என்று தினமும் மகளை அனுப்பிவைத்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த அளவுக்குப் புத்தி இருந்தால் நான் ஏன் குடையைக் கவிழ்த்துக்கொள்கிறேன்?

லென்ஸ் வழியே அவள் கன்னத்துக் குழியைப் பார்க்கும்போது கண் கரிக்கும். இந்தச் சிரிப்பை இனி நினைத்தபோது பார்க்க முடியாதே என்று இருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கோமாளித்தனத்துக்குத் தயாராவேன்.

பன்னிரண்டாம் நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"என்ன பண்றது, அவ முகராசி அப்படி. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"எதை?" என்றாள் மனைவி.

"விண்ணப்பத்தைத்தான்."

"அது முதல் நாளே போயாச்சே. இடம் கிடைச்சதுன்னு இன்னிக்குக் காலைல பதிலும் வந்தாச்சு."

"போட்டோ?"

"எதிர்க்கடையில எடுத்தோம்."

"எதிர்க்கடையா! அவனுக்கு விளக்கை எங்க வைக்கணும்னே தெரியாதே!"

"ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்துட்டார். நீங்க ஒழுங்கா எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ பன்னிரண்டு நாளா என்னை எதுக்கு ஆட வெச்சே?"

"ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறீங்க. நம்ம வீட்டுல அவ சிரிக்கிற மாதிரி ஒரு படம் இருக்கா? எத்தனை வருஷமாக் கேட்டேன்! இப்போ பன்னிரண்டு இருக்கு. அவ போனப்புறம் எனக்கும் பார்த்துக்கிட்டிருக்க ஏதாவது வேணும்ல?"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, உங்க படம் ஒண்ணு எனக்கு வேணும். அங்க மேஜையில வைக்க" என்றாள் மகள்.

மறுநாள் என் ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். மனைவி கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

"சிரிங்க. இன்னும் கொஞ்சம்."

முயன்றேன். தலைமையாசிரியரின் தும்மலைக்கூட நினைத்துப் பார்த்தேன். உதடு அசையவில்லை.

மகள் எட்டிப் படத்தைப் பார்த்தாள்.

"கவலைப்படாதீங்கப்பா. இதை வெச்சே உங்களுக்கு விசா வாங்கிடலாம்."