ஊரார் பிள்ளைக்கு ஒரு குடை

வந்தவள் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸம்மா பால் டம்ளரோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். பாலில் ஆடை படிந்து, அது சுருங்கி, டம்ளரின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்வரை நின்றாள்.

"சாத்திட்டாளா?" என்று கூடத்திலிருந்து கேட்டார் அவள் கணவர்.

"சாத்திட்டா."

"தாழ்ப்பாள்?"

"அதுவும்தான்."

"தூங்குறாளோ என்னமோ."

"தூங்குறவ எதுக்குங்க தாழ்ப்பாள் போடணும்? தூக்கத்துல எந்திரிச்சு ஓடவா போறா?"

அந்த வீட்டில் ஒருவர் அறைக்கதவைச் சாத்தினால் ஒன்று உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இல்லையென்றால் யார் மேலோ கோபம். வேறு காரணத்துக்காகவும் கதவைச் சாத்தலாம் என்பது அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. மகள் பரீட்சைக்குப் படித்தபோதுகூடக் கதவு திறந்தேதான் கிடந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து, "படி, படி" என்று சொல்லி, அவளைப் படிக்கவிடாமல் செய்தார்கள்.

அந்த மகள் இப்போது கடல் தாண்டி ஒரு வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டுப் பெண் இங்கே இருக்கிறாள். கல்லூரிகள் இரண்டும் சேர்ந்து செய்த மாணவர் பரிமாற்ற ஏற்பாடு. ஒரு வருஷத்துக்கு உங்கள் பிள்ளை எங்கள் வீட்டில், எங்கள் பிள்ளை உங்கள் வீட்டில். இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒருத்தி பாதியில் விலகினால் மற்றவளும் ஊர் திரும்பியாக வேண்டும். மகளோ அந்தப் படிப்புக்காகத் தவம் கிடந்தவள்.

"பழைய ஃபேனைக் குடுத்துட்டுப் புது ஃபேன் வாங்குற மாதிரி இருக்கு பஸ்ஸக்கா" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "திரும்பக் கேட்டா பழசு கிடைக்குமா, விசாரிச்சீங்களா?"

பஸ்ஸம்மாவும் கூடவே சிரித்தாள். சிரித்து முடித்து உள்ளே வந்து, அடுப்படியில் நின்று அழுதாள்.

பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை; பஸ்ஸம்மா என்ற பேரே அதனால் வந்ததுதான். வாசலில் பெரியவர் யாரும் நிற்காவிட்டால் பிள்ளையை இறக்கமாட்டாள். வண்டியிலேயே உட்காரவைத்து, ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் அதே வாசலுக்குக் கொண்டுவருவாள். சினிமா பார்க்கப் போனாலும் முன்வரிசைத் தலைகளை எண்ணாமல் அவளுக்குப் படம் ஓடாது. அப்படிப்பட்டவளுடைய ஒரே பிள்ளை, எண்ணுகிற தூரத்தில் இல்லை.

அன்று காலை மகள் போனில் வந்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சும்மா. எடுத்துக்கிட்டேன்."

"ஏன், அந்தம்மா போட்டுத் தர மாட்டாளா?"

"இது ஃப்ரிட்ஜு, இது சாவின்னு மொத நாளே காட்டிட்டாங்க. அப்புறம் பேச்சே இல்ல. அவங்க தலையாட்டுவாங்க, நானும் தலையாட்டுவேன். ரெண்டு பேரும் பொம்மைக்கடை பொம்மை மாதிரி இருக்கோம்."

"கதவத் தொறந்து வையிடி. உன்னைப் பாத்தாலாவது பேசுவா."

"வெச்சேம்மா. அந்தப் பக்கம் போறப்ப மெதுவா சாத்திட்டுப் போயிட்டாங்க."

பஸ்ஸம்மா போனை வைத்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவளாகக் கணவரைப் பார்த்தாள்.

"நாம இங்க சரியா கவனிக்கல. அதான் அங்க அப்படி."

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்."

"அது பழமொழிடி. அரசாங்க உத்தரவு இல்ல."

"உங்களுக்கு எதுல நம்பிக்கை இருக்கு? இன்னிக்கிலேர்ந்து அவ தனியா எங்கயும் போகக் கூடாது. நீங்க கூடப் போறீங்க."

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மற்றவர்களுக்குத் தூரத்தில் இருப்பதைத் தெளிவாக்குவது தொழில். வீட்டில் எதிரே நிற்பவளிடம் மட்டும் எப்போதும் தோற்றுப்போவார். கடையை முன்னதாகவே சாத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டார்.

வந்தவள் தினமும் சாயங்காலம் ஆற்றுப்பாலம்வரை தனியாக நடப்பாள். அங்கே நின்று தண்ணீரைப் பார்ப்பாள், திரும்புவாள். இப்போது அவளுக்குப் பின்னால், பத்துப் பதினைந்தடி தள்ளி, ஒரு குடையும் நடந்தது. அவள் நின்றால் குடையும் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தால் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தது. கம்பம் ஒல்லி, அவர் அப்படி இல்லை.

பாலத்தடிப் பழக்கடைக்காரர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் வந்து சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, தினமும் பாக்குறேன். பொண்ணு நடந்தா நடக்குறீரு, நின்னா நிக்கிறீரு. மழையும் இல்ல, வெயிலும் இல்ல, எதுக்குய்யா குடை?"

"அது எங்க வீட்டுப் பொண்ணுங்க."

"மூக்கையும் முழியையும் பாத்தா அப்படித் தெரியலையே. ஏம்மா, இங்க வா. இவரு உன் அப்பாவா?"

அவள் புத்தகத்தில் பாஷை கற்றவள். பொய் சொல்ல அந்தப் புத்தகத்தில் பாடம் இல்லை.

"இவர் என் தந்தை அல்ல."

சட்டையில் பிடி இறுகியது.

"பின்ன யாரு?"

"எனக்குத் தெரிந்த ஐயா. குடையோடு வருவார். ஏன் வருகிறார் என்று தெரியாது."

பழக்கடைக்காரரின் கையோடு இன்னும் சில கைகள் சேர்ந்துகொண்டன. சட்டைப்பை கிழிந்தது. குடை உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. அதைப் பார்த்தபிறகுதான் நடப்பது என்ன என்று அவளுக்கு விளங்கியது. ஓடிவந்து நடுவில் நின்றாள்.

"அவரை விடுங்கள். என் தந்தை இறந்துவிட்டார். இவர் வேறு ஒருத்தியின் தந்தை."

கைகள் ஒவ்வொன்றாக விலகின. பழக்கடைக்காரர் கிழிந்த பையை நீவிவிட்டார். நீவினால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. திரும்பி நடக்கும்போது தூறல் போட்டது. கண்ணாடிக்கடைக்காரர் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். குடை அவள் பக்கமே சாய்ந்திருந்ததால் வீடு வந்து சேரும்போது அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்லடி" என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே. "நமக்கு யாருமே சொல்லல. கொஞ்ச நாள் அவ போக்குல விடுவோம்."

"அப்பனைப் பறிகொடுத்த பொண்ணையா? அவ போக்குலயா? நல்லாருக்குங்க உங்க நியாயம். தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு உள்ள என்ன பண்றாளோ, யாரு கண்டா? மொதல்ல அதைக் கழட்டுங்க."

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில் தாழ்ப்பாள் கழன்றது. வீட்டில் பெரிய திருப்புளி கிடைக்காமல், மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் ஊசி போன்ற திருப்புளியாலேயே அவர் அதைக் கழற்றினார். மத்தியானம் முழுக்க ஆயிற்று. கழற்றக் கழற்றத் தான் செய்வது தப்பு என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒரு பக்கம் கழன்றுவிட்டதே என்று மறுபக்கத்தையும் கழற்றினார்.

வந்தவள் வந்தாள். கதவில் இருந்த வெற்று ஓட்டைகளைப் பார்த்தாள். சற்றுநேரத்தில் உள்ளே பெட்டியைக் கதவோடு நகர்த்தி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் பஸ்ஸம்மா பாலோடு கதவைத் தள்ளினாள். பெட்டி கரகரவென்று பின்வாங்கியது. இடுக்கில் தலையை மட்டும் நுழைத்து, "பால்மா" என்றாள். கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் முகம் வீங்கிப்போயிருந்தது.

அவளே எழுந்து வந்து சாப்பாட்டு மேசையில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மையாரே, நான் கல்லூரி விடுதிக்குப் போக விரும்புகிறேன்."

பஸ்ஸம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. வீடு மாறினால் ஏற்பாடு முறிந்தது என்று பொருள். மகள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"நான் போனால் உங்கள் மகளும் திரும்ப வேண்டும். அது தெரியும். அதனால்தான் இரவு அழுதேன்."

"நாங்க என்னம்மா குறை வெச்சோம்?"

"குறை இல்லை. குறையே இல்லை. அதுதான்." அவள் வார்த்தைகளைத் தேடித்தேடிப் பேசினாள். "என் தந்தை இறந்தபோது எல்லோரும் என் கதவைத் தட்டினார்கள். அத்தை, மாமா, பக்கத்து வீடு, பள்ளி ஆசிரியர். சாப்பிடு, அழாதே, அழு, தூங்கு. எல்லோரும் நல்லவர்கள். ஆனால் அவரை நினைக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. யாரும் தட்டாத ஒரு கதவு வேண்டும் என்று என் அம்மாவிடம் கேட்டேன். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் அனுப்பினார்கள்."

கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாக எழுந்துபோய், சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னத் திருப்புளியை எடுத்துத் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டத் தொடங்கினார்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பாரும்மா" என்றாள் பஸ்ஸம்மா. "தட்ட மாட்டேன். சத்தியமா தட்ட மாட்டேன். அப்பவும் பிடிக்கலன்னா போய்க்கோ."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அது லேசான காரியமாக இல்லை. கதவைக் கடக்கும்போது நுனிக்காலில் நடந்தாள். அவள் சாதாரணமாக நடந்தாலே அதைவிடச் சத்தம் குறைவாக இருந்திருக்கும். பால் காய்ச்சுவதை விட முடியாமல் காய்ச்சி, அதைக் கணவரைக் குடிக்கவைத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் போனா நான் கன்னுக்குட்டி ஆயிடுவேன்டி" என்றார் அவர்.

கதவுக்கு உள்ளே சத்தமில்லாத அழுகையாக இருந்தது ஒருநாள் சத்தமுள்ள அழுகையானது. பஸ்ஸம்மா வெளியே இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு சுவரோடு நின்றாள். ஓடும் பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனால் மறுநாள் காலை வந்தவள் தானாகவே அடுப்படிக்கு வந்து ஒரு ரொட்டித் துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். 'பாத்தியா?' என்று அதற்குப் பொருள்.

எல்லாம் கூடி வந்தது. மகள் மட்டும் போன் எடுக்கவில்லை.

சனிக்கிழமை எடுத்தாள். குரல் நூலாக இருந்தது.

"காய்ச்சல்மா. இப்பப் பரவாயில்ல."

"ஐயோ! யாரும் பாக்கலயாடி?"

"கதவுக்கு வெளிய தண்ணி, மாத்திர, சூப்பு எல்லாம் இருக்கும்மா. வெச்சிட்டுப் போயிடுவாங்க. தட்டவே மாட்டாங்க. கதவுக்கு அடியில நிழல் மட்டும் ரொம்ப நேரம் நிக்கும். வருவாங்க, வருவாங்கன்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். போயிடும்மா." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. "நெத்தியில யாராச்சும் கை வெச்சா போதும்னு இருந்துச்சும்மா."

பஸ்ஸம்மா போனைக் கீழே போட்டாள்.

"பாத்தீங்களா? நான் இங்க கைய எடுத்தேன், அங்க புள்ள காய்ச்சல்ல விழுந்துடுச்சு!"

"ஏய், நில்லு. சத்தியம் பண்ணியிருக்க."

"சத்தியமாவது சர்க்கரையாவது!"

இரண்டு கைகளாலும் கதவை இடித்தாள். வந்தவள் பதறிப்போய்த் திறந்தாள்.

"உங்கம்மாவக் கூப்பிடு. மூஞ்சி தெரியுற மாதிரி கூப்பிடு. நான் சொல்றத அப்படியே சொல்லணும். ஒரு எழுத்து குறையக் கூடாது."

திரையில் ஒரு மெலிந்த பெண் தெரிந்தாள். வேலைக்கு உடுத்திய சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. பின்னால் சாத்திய ஒரு கதவு.

"காய்ச்சல்ல கெடந்த புள்ளையத் தொட்டுப் பாக்கக் கூடாதா? நீங்களும் ஒரு பொண்ணப் பெத்தவங்கதான? வாசல்ல வெச்சிட்டுப் போறதுக்கு அவ என்ன பூனைக்குட்டியா? உங்களுக்கெல்லாம் நெஞ்சுல என்ன, ஃப்ரிட்ஜா இருக்கு?"

வந்தவள் தன் பாஷையில் சுருக்கமாக ஏதோ சொன்னாள்.

"நான் இவ்வளவு பேசினேன், நீ இவ்வளவூண்டு சொல்ற? ஃப்ரிட்ஜ சொன்னியா?"

"சொல்லவில்லை."

"சொல்லு!"

சொன்னாள். திரையில் இருந்தவள் கோபப்படவில்லை. தன் வலதுகையை மடியிலிருந்து எடுத்து, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தே பேசத் தொடங்கினாள். நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒருதரம் மூக்கைச் சிந்திக்கொண்டாள். வந்தவள் மொழிபெயர்க்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்? மன்னிப்புக் கேக்குறாளாமா?"

வந்தவள் இல்லையென்று தலையாட்டினாள். பஸ்ஸம்மா வீட்டுப் பேச்சு இத்தனை நாளில் அவள் நாக்கில் ஏறியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"'உங்க பொண்ணு கதவத் தட்ட தினமும் கையத் தூக்குறேன், நான் இங்க தட்டினா அங்க என் பொண்ணு கதவ யாராவது தட்டிடுவாங்களோன்னு பயந்து எறக்கிடுறேன்'னு சொல்றாங்க."