கோயில் ஸ்பீக்கரில் மரகதம்

சப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. போன் மூஞ்சியில் விழுந்து கிடக்கிறது. நாவலின் ஏழாம் பக்கத்திலேயே தூங்கியிருக்கிறேன்.

அன்று ஞாயிறு. வேலை ஒன்றே ஒன்றுதான். நாலு மணிக்குள் அந்த நாவலைப் படித்து முடிக்க வேண்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவன். ராத்திரி வேலை, பகலில் தூக்கம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வடை சுற்றிவந்த பேப்பர்தான் பள்ளிக்கூடம். எண்ணெய் படாத இடத்தையெல்லாம் படித்துவிடுவேன். அப்புறம் போன் வந்தது. அதற்குள் இப்போது ஒரு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஒன்றைக்கூட முடித்ததில்லை.

போன வாரம், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் தலைவர் சொன்னார், "வாசிகசாலைக்கு ஒருத்தரும் வர்றதில்லண்ணே. எடத்தப் போன் ரீலோட் போடுற கடைக்குக் குடுத்துரலாம்."

என் வாய் முந்திக்கொண்டது.

"ஏன், நான் வாசிக்கிறேனே! ஞாயித்துக்கெழம ஒரு நாவலப் பத்திப் பேசுறேன். சனம் வரலன்னா பூட்டிருங்க!"

அந்த நாவலின் ஒரே ஒரு பிரதி வாசிகசாலையில் இருக்கிறது. எனக்கு எதற்கு அது? போனில்தான் இறக்கியாயிற்றே!

இனிக் கண்ணை நம்பிப் பயனில்லை என்று, வாசித்துக் காட்டும் பொத்தானை அமுக்கினேன். போன் மூச்சு விடவில்லை. ஆனால் வெளியே எங்கேயோ ஒரு பொம்பளைக் குரல். பக்கத்து வீட்டு பாக்கியக்கா நாடகம் போட்டுவிட்டார் போல!

போனில் சத்தத்தைக் கூட்டினேன். நாடகமும் கூடியது. இன்னும் கூட்டினேன். அதுவும் கூடியது! போட்டியா போடுகிறார்கள்? இந்த டிவியால்தான் தோட்டத்தில் வாசிப்பே செத்தது என்று மனதுக்குள் ஒரு பேச்சே தயாராகிவிட்டது. முழுசாகக் கூட்டிவிட்டுச் சுவரைத் தட்டினேன்.

"அக்கா! டிவியக் கொஞ்சம் கொறைங்க! மனுசன் வாசிக்க வேணாமா?"

"எங்க டிவி ரிப்பேராகிப் போச்சே தம்பி! கோயில் ஸ்பீக்கர்லதானே கதை போடுறாங்க. பேசாம இருங்க, அந்த மரகதம் ஓடிப்போறாளான்னு கேப்போம்!"

மரகதமா? அவள் என் நாவலில் வருகிறவள்!

அப்போதுதான் உறைத்தது. திருவிழாக் காலம். விடிகாலையில் முழித்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று, வேலைவிட்டு வரும்போது கோயிலில் பாட்டுப் போடுகிற பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். போனைப் புளூடூத்தில் ஸ்பீக்கரோடு சேர்த்தவன், பிரிக்காமலே வந்து படுத்துவிட்டேன். கோயில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கிறது.

மலை முழுக்கக் கேட்டது: "அவளுடைய இதழ்கள், பக்கம் ஒன்பது, துடித்தன."

போனை அணைத்துவிட்டு வெளியே ஓடினேன். லயமே கோயில் முன்னால் நின்றது. என் மனைவி ராணி வாளியோடு நின்றாள்.

"ஏங்க, அம்மன் முன்னால போடுற கதையா இது?"

"அத விடு ராணி! ஏன் தம்பி நிப்பாட்டுனீங்க?" என்றார் பாக்கியக்கா. "ஓடுனாளா இல்லையா?"

தலைவர் சிரித்தார். "அண்ணன்தானே நாலு மணிக்குப் பேசப்போறாரு. சொல்லுங்கண்ணே!"

ஒன்பதாம் பக்கத்துக்கு அப்பால் எனக்கும் மரகதத்துக்கும் பழக்கமில்லை.

"அது... இப்பச் சொன்னா சுவாரசியம் போயிரும்" என்றேன்.

நாலு மணிக்கு வாசிகசாலையில் நிற்க இடமில்லை. "வாசிப்பின் அவசியம்..." என்று தொண்டையைச் செருமினேன்.

"அதெல்லாம் அப்புறம் தம்பி" என்று பாக்கியக்கா எழுந்துபோய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அடுத்து யாருக்கு என்று அங்கேயே சண்டை. கொண்டுவந்த பூட்டைத் தலைவர் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"கடையப் பத்திப் பெறகு பாப்போம்ணே."

புத்தகம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ராணிகூட முடித்துவிட்டாள். போனில் இருக்கிறதே, நீயும் படிக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது.

நேற்று தேங்காய் திருவிக்கொண்டே மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "ராணி, முடிவ மட்டும் சொல்லேன்."

"வாசிக்கிற ஆளுன்னு ஊரெல்லாம் பேரு! வரிசையில நில்லுங்க."

மிச்சத் தேங்காயைத் திருவ ஆரம்பித்தேன்.